நாடி பார்த்த வெளிச்சம்

மூச்சை வைத்துத் தமிழில் எத்தனை பேச்சு வழங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், "இதைப் பற்றி மூச்சு விடாதே" என்கிறோம். கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவன், "மூச்சு முட்டச் சாப்பிட்டேன்" என்கிறான். மயங்கி விழுந்தவன் "பேச்சு மூச்சு இல்லாமல்" கிடக்கிறான். ஒருவர் போய்விட்டாரா, இருக்கிறாரா என்ற சந்தேகம் வந்தால் முதலில் மூக்கருகேதான் விரலைக் கொண்டுபோகிறோம். இவ்வளவு மதிப்பு வைத்திருந்தும், உள்ளே போன மூச்சு உடம்பில் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று அளந்து சொல்ல மனிதனால் நெடுங்காலம் முடியவில்லை. மூக்கு வெறும் வாசல்தானே? வாசலில் நுழைந்த விருந்தாளி அடுக்களை வரை வந்தாரா, திண்ணையிலேயே நின்றுவிட்டாரா என்பதை யார் கண்டார்கள்?

மூச்சைப் பற்றிப் பேச எங்கள் கொடுமுடிக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வடக்கேயிருந்து தெற்கு நோக்கி வந்த காவிரி கிழக்கே திரும்புகிற ஊர் இது. மும்மூர்த்திகளும் ஒரே கோயிலில் இருக்கும் தலம். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இந்த ஊர்ப்பெயர் ஒரு பெண்ணின் குரலோடு சேர்ந்துதான் காதில் விழுந்திருக்கிறது. 1908-ம் வருஷம் இங்கே பிறந்த கே. பி. சுந்தராம்பாள், குழந்தைப் பருவத்தில் ரயிலில் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள் என்று சொல்வார்கள். ஒலிபெருக்கி வராத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை தன் நெஞ்சின் பலத்தாலேயே பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அந்த மூச்சைக் கேட்டு மகிழ்ந்தோம். அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அளக்கவேண்டிய காலமும் வந்தது. 2021-ம் வருஷம் வைகாசி மாதத்தில் கொங்கு நாடு முழுவதும் ஆண், பெண், கிழம், குழந்தை எல்லோரும் ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். துணி உலர்த்தும் கிளிப் அளவே உள்ள அந்தக் கருவி எங்கிருந்து வந்தது, அதன் கம்பி எப்படிக் கழன்றது, கழன்றபின் என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். நான் விஞ்ஞானம் கற்றவனல்லன், கதை எழுதுகிறவன். ஆனால் இந்தக் கருவியின் சரித்திரத்தில் கதைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது.

*

இரத்தத்தின் நிறத்தில்தான் கதை ஆரம்பமாகிறது. பிராணவாயுவைச் சுமந்து வரும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. அதை இறக்கிவிட்டுத் திரும்பும் இரத்தம் கருஞ்சிவப்பு. ஜெர்மானிய விஞ்ஞானி ஹோப்பே சைலர் இந்தச் சிவப்புப் பொருளுக்கு 1864-ம் வருஷம் ஹீமோகுளோபின் என்று பெயர் வைத்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், பிராணவாயு ஏறுவதாலும் இறங்குவதாலும்தான் அந்த நிறம் மாறுகிறது என்று காட்டினார். அன்றே விஷயம் பாதி முடிந்துவிட்டது எனலாம். நிறம் தெரிந்தால் பிராணவாயு தெரியும். ஆனால் தோலுக்குள் ஓடும் இரத்தத்தின் நிறத்தை, தோலைக் கிழிக்காமல் பார்ப்பது எப்படி?

டாக்டர்கள் கண்ணை நம்பினார்கள். உதடு நீலம் பாரித்திருக்கிறதா, நகக்கண் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அனுபவமுள்ள கண் தவறாது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1947-ம் வருஷம் அமெரிக்காவில் கோம்ரோ, பொட்டெல்ஹோ என்ற இருவர் அந்தக் கண்ணையே பரீட்சைக்கு உட்படுத்தினார்கள். ஆரோக்கியமான ஆட்களுக்குப் பிராணவாயு குறைந்த காற்றைக் கொடுத்து, மருத்துவத் துறையினரையே அருகில் நிறுத்தி, நீலம் எப்போது தெரிகிறது என்று கேட்டார்கள். பிராணவாயு நூற்றுக்கு எண்பது அளவுக்கு இறங்கும்வரை பெரும்பாலோருக்கு அது திட்டமாகத் தெரியவில்லை.

எண்பது என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். நூறு ஆசனம் உள்ள பஸ் ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 98 ஆசனத்தில் பிராணவாயு உட்கார்ந்திருந்தால் இரத்தத்தின் கணக்கு 98. ஆரோக்கியமான மனிதனுக்கு 95-க்கு மேல் இருக்கும். நமது அரசாங்கத்தின் கொரோனா சிகிச்சை முறையில் 94-க்குக் கீழே கவலை. 90-க்குக் கீழே ஆபத்து. அந்த இடத்துக்குப் பிறகு இறக்கம் திம்பம் மலைப்பாதை மாதிரி. வண்டி தானாகவே வேகம் எடுக்கும். எண்பதில் நீலத்தைக் கண்டுபிடிக்கும் கண், பள்ளத்தில் விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்கும் கண்தான்.

*

கண் செய்யாததை வெளிச்சம் செய்யட்டும் என்று முயன்றவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் கார்ல் மத்தேஸ். 1935-ம் வருஷம் அவர் இரண்டு நிற வெளிச்சத்தைக் காது மடலின் ஊடே செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார். ஒரு நிறம் பிராணவாயுவுக்குத் தகுந்தபடி மாறும். இன்னொன்று அவ்வளவாக மாறாது. இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு வரும்.

பிறகு யுத்தம் வந்தது. போர் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தன. அங்கே காற்று மெலிந்திருப்பதால் விமானிகள் தங்களுக்கு ஏதோ ஆகிறது என்று உணர்வதற்குள்ளேயே நினைவிழந்தார்கள். நோபல் பரிசு பெற்ற பௌதிக மேதை ராபர்ட் மில்லிகனின் மகன் கிளென் மில்லிகன், காதில் மாட்டக்கூடிய லேசான கருவி ஒன்றை 1940-களின் ஆரம்பத்தில் செய்து, அதற்கு 'ஆக்ஸிமீட்டர்' என்று பெயரும் சூட்டினார். காற்று மெலிந்த உயரத்துக்காகக் கருவி செய்த அந்த மனிதர் 1947-ம் வருஷம் மலை ஏறும்போது விபத்தில் மாண்டார்.

கருவி இருந்தது, ஆனால் ஆஸ்பத்திரிக்கு அது ஒத்துவரவில்லை. காதில் இரத்தம் மாத்திரமா இருக்கிறது? தோல், தசை, குருத்தெலும்பு எல்லாம் வெளிச்சத்தைக் குடிக்கின்றன. ஒருவர் காது தடிமன், ஒருவர் காது மெல்லிசு. ஆளுக்கு ஆள் கருவியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1970-களில் எட்டு நிற வெளிச்சங்களைக் கொண்டு அமெரிக்கக் கம்பெனி ஒன்று நல்ல கருவி செய்தது. அது சரியாகத்தான் சொல்லிற்று. ஆனால் விலையும் பளுவும் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கே கட்டுப்படியாகும்.

*

இனி வருகிறவர்தான் இந்தக் கதையின் நாயகர். டாகுவோ அயோயாகி என்பது அவர் பெயர். ஜப்பானில் நீகாட்டா பிரதேசத்தில் 1936-ம் வருஷம் பிறந்தவர். டாக்டர் அல்லர், மின்சாரப் பொறியாளர். 1971-ல் நிஹோன் கோடன் என்ற மருத்துவக் கருவிக் கம்பெனியில் சேர்ந்தார். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை வேறு. இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்று அளக்க, இரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது காது மடலைக் கடந்து போவதை வெளிச்சத்தால் பார்ப்பது. காகிதத்தில் கோடு ஒழுங்காக ஏறி இறங்க வேண்டும். ஆனால் நாடி துடிக்கத் துடிக்க அந்தக் கோடும் துடித்தது. கணக்குப் போட முடியாதபடி அலை அலையாக வந்தது.

அந்தத் துடிப்பை ஒழித்துக்கட்டுவதுதான் அவருடைய கவலை. இரண்டு நிற வெளிச்சத்தை விட்டு, ஒன்றின் துடிப்பை இன்னொன்றின் துடிப்பால் கழித்துவிட்டார். கோடு நேராயிற்று. ஆனால் இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் கழித்தது கழியவில்லை. துடிப்பு மறுபடி தலை காட்டிற்று.

வேறு யாராவது ஆயிருந்தால் சலித்துக்கொண்டிருப்பார்கள். அயோயாகி அங்கே நின்று யோசித்தார். துடிக்கிறது எது? தோல் துடிக்காது, எலும்பு துடிக்காது, அசுத்த இரத்தமும் அவ்வளவாகத் துடிக்காது. இதயத்திலிருந்து வருகிற சுத்த இரத்தம் மட்டுமே துடிக்கும். அப்படியானால் துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் காது தடிமனா மெல்லிசா என்ற வழக்கே எழாது! எந்தத் துடிப்பை விரட்ட வேண்டும் என்று பாடுபட்டாரோ, அதிலேயே விடை இருந்தது.

எனக்கு இந்த இடத்தில் நம் ஊர் வைத்தியர்களின் நினைவு வருகிறது. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்ப்பார்கள். வாதம், பித்தம், கபம் என்று அவர்கள் கண்ட கணக்கு வேறு. பிராணவாயுவை அவர்கள் எண்ணால் சொன்னார்கள் என்று பெருமையடித்துக்கொள்வது சரியல்ல. ஆனாலும் உடம்பின் செய்தி நாடியில் வருகிறது என்ற எண்ணம் நமக்குப் பழகிய எண்ணம். வெளிச்சம் அந்த நாடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அயோயாகியிடம்.

1974-ம் வருஷம் மார்ச் 29-ந் தேதி அவருடைய கம்பெனி காப்புரிமைக்கு மனுச் செய்தது. ஒரு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 24-ல், மினோல்டா என்ற காமிராக் கம்பெனி தானாகவே கண்டுபிடித்த அதே யோசனைக்கு மனுக் கொடுத்தது! சில உண்மைகள் வெளிவரும் காலம் வந்துவிட்டால் இரண்டு வாசலில் ஒரே சமயத்தில் கதவைத் தட்டும் போலிருக்கிறது. அயோயாகியின் கம்பெனி ஒரு காதுக் கருவியைச் செய்துவிட்டு அதிலே ஊக்கம் இழந்தது. மினோல்டா 1977-ல் விரலில் மாட்டுகிற கருவியைக் கொண்டுவந்தது. காதிலிருந்து விரலுக்கு வந்தது அப்போதுதான்.

அதை உலகெங்கும் ஆப்பரேஷன் அறைகளில் குடியேற்றியது அமெரிக்கா. நெல்கார் என்ற கம்பெனி 1983-ல் வெளியிட்ட கருவியில் ஒரு விசேஷம். ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பும்; பிராணவாயு குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். கத்தியைப் பிடித்திருக்கும் டாக்டர் தலையைத் தூக்கி எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. சங்கீதம் தெரியாதவனுக்குக்கூடச் சுருதி இறங்கினால் தெரியும் அல்லவா? மயக்க மருந்து கொடுத்து ஆப்பரேஷன் செய்யும் இடங்களில் சில வருஷங்களுக்குள் இது இன்றியமையாததாகிவிட்டது. 2008-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆப்பரேஷனுக்கு முன் சரிபார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டபோது, இந்தக் கருவி நோயாளியின் உடலில் மாட்டி வேலை செய்கிறதா என்பதையும் அதில் சேர்த்தது.

*

ஆப்பரேஷன் மேஜையில் கிடப்பவனுக்குக் கம்பி ஒரு பொருட்டல்ல. அவன் எங்கும் போகப் போவதில்லை. வார்டுக்கு வந்தவன் அப்படியல்ல. புரண்டு படுக்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், கொல்லைக்குப் போக வேண்டும். விரலில் கம்பி இருந்தால் அவன் கொம்பில் கட்டிய மாடு. கழற்றி வைத்துவிட்டுப் போவான். திரும்பி வந்து மாட்ட மறப்பான். நர்ஸோ நாலு மணிக்கு ஒரு முறை வந்து பார்ப்பாள். வலிக்குக் கொடுத்த மருந்து சிலருக்கு இரவில் மூச்சையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். இடைப்பட்ட அந்த நாலு மணி நேரம் யாருடைய பொறுப்பு?

கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் வித்தைக்கு நம் நாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1895-ம் வருஷம் கல்கத்தாவில், கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவரைக் கடந்து அனுப்பி, தூரத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். உடம்பின் செய்தியை அப்படி அனுப்பியவர்களில் முன்னோடி அமெரிக்கர் நார்மன் ஹோல்டர். 1940-களின் பிற்பகுதியில், ஏறக்குறைய 38 கிலோ எடையுள்ள கருவியை முதுகில் கட்டிக்கொண்டு, தம் இதயத் துடிப்பை ரேடியோ மூலம் அனுப்பிக் காட்டினார். ஒரு நெல் மூட்டையைச் சுமந்துகொண்டு இதயத்தைச் சோதித்த மாதிரி! 1957 நவம்பரில் ரஷ்யர்கள் விண்ணில் அனுப்பிய லைக்கா என்ற நாயின் துடிப்பும் மூச்சும் ரேடியோவில் பூமிக்கு வந்தன. அந்த நாயை மீட்டுக்கொண்டு வர வழி வைக்காமலே அனுப்பினார்கள். செய்தி வந்துகொண்டிருந்தது, போய்த் தூக்க ஆள் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரிகளில் இந்த முறை பரவிய பிறகு ஒரு புதிய தொல்லை முளைத்தது. ஆகாயம் பொதுச்சொத்து. அதில் யார் வேண்டுமானாலும் பேசலாம். 1998 பிப்ரவரியில் அமெரிக்காவில் டல்லஸ் நகரில் ஒரு டெலிவிஷன் நிலையம் புதிய முறை ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தது. அதே நகரிலிருந்த பேய்லர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் இதயத் துடிப்பைக் காட்டும் திரைகள் திடீரென்று குழம்பின. இரண்டும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தியதுதான் காரணம். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 2000-ம் வருஷம் அந்நாட்டு அரசாங்கம் வைத்தியத்துக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கிற்று. நம் நாட்டில் 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க அனுமதி கிடைத்தது. புளூடூத், வைஃபை இரண்டும் இந்த ஆற்றில்தான் ஓடுகின்றன. பலகாரம் சுட வைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே ஆற்றில்தான் கால் நனைக்கிறது.

எல்லா நோயாளிகளையும் விடாமல் கவனித்தால் உண்மையில் பயன் உண்டா? அமெரிக்காவில் டார்ட்மத் ஆஸ்பத்திரியில் 2007 டிசம்பரில், எலும்பு ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் தங்கும் 36 படுக்கை வார்டில், ஒவ்வொருவர் விரலிலும் கருவியை மாட்டினார்கள். எண் இறங்கினால் நர்ஸின் இடுப்பிலிருந்த பேஜர் ஒலிக்கும். உயிரைக் காப்பாற்ற அவசரமாக ஓட வேண்டி வந்த நிகழ்ச்சிகள் ஆயிரம் பேருக்கு 3.4 ஆக இருந்தது 1.2 ஆகக் குறைந்தது. தீவிர சிகிச்சைக்கு மாற்றப்பட்டவர்களும் ஏறக்குறைய பாதியாயினர். அங்கே அவர்கள் முக்கியமாகக் கவனித்த விஷயம், மணி சும்மா ஒலிக்கக் கூடாது என்பது. விரலை அசைத்ததற்கெல்லாம் மணி அடித்தால், நாலாவது நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "புலி வருது" கதையை நர்ஸுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே உண்மையான ஆபத்துக்கு மட்டும் ஒலிக்கும்படி எல்லையை அமைத்தார்கள்.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020-ம் வருஷம் கொரோனா வந்தபோது டாக்டர்களைத் திகைக்க வைத்தது ஒன்று. பிராணவாயு 80-க்கு வந்துவிட்ட மனிதன், டெலிபோனில் பேரனோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூச்சுத் திணறல் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். விமானிகளுக்கு மேலே நேர்ந்தது நமக்குத் தரையில் நேர்ந்தது. கண்ணால் காண முடியாததை விரலில் மாட்டும் வெளிச்சமே சொல்ல வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் அந்தக் கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த அந்த ஏப்ரல் மாதத்தில், 18-ந் தேதி, டாகுவோ அயோயாகி தமது 84-வது வயதில் காலமானார்.

அவருடைய கருவியைத் தமிழ்நாட்டு அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது அந்த வருஷம் ஆகஸ்டில். வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவோருக்காக 2,500 ரூபாய்க்குக் கொடுத்த பெட்டியில் வெப்பமானி, முகக்கவசம், கபசுரக் குடிநீர்ப் பொடி ஆகியவற்றோடு இதுவும் இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுகாதாரத் தொழில்நுட்ப நிலையமும் ஹெலிக்ஸான் என்ற கம்பெனியும் சேர்ந்து அதே வருஷம் கம்பியில்லாத கருவி ஒன்றைச் செய்தன. விரலில் மாட்டினால் உஷ்ணம், பிராணவாயு, சுவாசம், துடிப்பு நான்கையும் விடாமல் அளந்து, டாக்டரின் கைப்பேசிக்கோ ஆஸ்பத்திரியின் பொதுத் திரைக்கோ அனுப்பும். அமைப்பைப் பொறுத்து அப்போது விலை 2,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை இருந்தது. ஏறக்குறைய 2,000 நோயாளிகளிடம் சேர்ந்திருப்பதாக அப்போது அறிவித்தார்கள். தொற்று நோய் வார்டில் இதன் அருமை அதிகம். உடல் முழுவதும் மூடிய கவச உடையில், வேர்வையில் நனைந்து, தண்ணீர் குடிக்கவும் முடியாமல் நின்ற நர்ஸுகளுக்கு, எண்ணைப் பார்ப்பதற்காக மட்டும் உள்ளே போய் வரும் நடை மிச்சமாகும்.

2021 மே மாதக் கடைசியில் தினசரி நோயாளிகள் எண்ணிக்கையில் கோயமுத்தூர் சென்னையையே மிஞ்சியது. இயந்திரக் கண்காட்சி நடக்கும் கொடிசியா வளாகத்தில் கட்டில்கள் போட்டார்கள். மே 30-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் கவச உடை அணிந்து கோவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டுக்குள்ளேயே போய் நோயாளிகளைப் பார்த்தார். எங்கள் ஈரோடு மாவட்டத்துக்குப் பெருந்துறைதான் கதி. ஒரு காலத்தில் க்ஷய ரோகிகள் நல்ல காற்றைத் தேடிப் போன சானடோரியம் இருந்த அதே பெருந்துறை.

கொடுமுடியில் எங்கள் தெருவில் இருபது வீடுகளுக்கு ஒரே ஒரு கிளிப் இருந்தது. கடையில் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் சொன்ன விலை வாயில் நுழையவில்லை. (வியாபாரிகள் வைக்கும் லாபத்துக்கு மத்திய அரசாங்கம் 70 சதவீதம் என்று எல்லை கட்டியது ஜூலையில்தான்.) சுகாதார நர்ஸ் ஒரு பெண் காலையும் மாலையும் திண்ணை திண்ணையாக வந்து, ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து எல்லோர் விரலிலும் அதை மாட்டினாள். எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். எங்கள் ஊரில் கம்பியில்லாக் கண்காணிப்பு என்பது அதுதான்.

எதிர்வீட்டுக் கிழவிக்கு ஒரு நாள் 92 காட்டிற்று. நர்ஸின் முகம் மாறியதைக் கிழவி கவனித்துவிட்டாள்.

"ஏனம்முணி, தொண்ணூத்தி ரெண்டுன்னா நல்ல மார்க்குத்தானே? எம் பேரன் அத வாங்குனதுக்குத் தெருவெல்லாம் முட்டாய் குடுத்தமே!"

"பரீட்சைக்கு அது நல்ல மார்க்குங்க, ஆத்தா. இதுக்குப் பத்தாதுங்க. வண்டிக்குச் சொல்லீட்டேன், பெருந்துறைக்குப் போயிட்டு வந்தரலாமுங்க."

கிழவி பதினோரு நாள் கழித்து வந்தாள். இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறாள்.

அடுத்த தெருவில் தனியாக இருந்த பெரியவர் ஒருவருக்கு அமெரிக்காவிலுள்ள மகன் நல்ல கருவியாகவே அனுப்பியிருந்தான். விரலில் மாட்டினால் எண் மகனுடைய கைப்பேசியில் போய் விழும். ஒரு நள்ளிரவில் அங்கே 86 என்று விழுந்தது. அங்கே அப்போது பகல், அவன் பார்த்துவிட்டான். அப்பாவை அழைத்தான், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டை எழுப்பினான். அவர்கள் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்து, 108-க்குச் சொல்லி, வண்டியும் வந்தது. ஆனால் பிராணவாயுவோடு கூடிய கட்டில் ஒன்று கிடைக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. கடலைத் தாண்டி எண் போக ஒரு விநாடி. கட்டில் வரை ஆள் போகப் பத்து மணி நேரம். அந்தப் பெரியவர் திரும்பவில்லை.

அந்தக் கருவியை நான் குறை சொல்லவில்லை. அது தன் கடமையைச் சரியாகச் செய்தது. மகனும் செய்தான், அண்டை வீட்டாரும் செய்தார்கள். எண்ணுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த தூரம்தான் அவரைக் கொண்டுபோயிற்று.

*

இன்னொரு விஷயம் சொல்லாமல் விட்டால் இந்தச் சரித்திரம் பூர்த்தியாகாது. வெளிச்சம் தோலைக் கடந்துதான் இரத்தத்தைப் பார்க்கிறது. எல்லோர் தோலும் ஒரு நிறமா? கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்று 1990-லேயே ஆராய்ந்து எழுதியவர்கள் உண்டு. பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர்கள், கருவி 92-லிருந்து 96 வரை காட்டிய நோயாளிகளின் இரத்தத்தை நேராக எடுத்துச் சோதித்த கணக்கை வெளியிட்டார்கள். உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு 3.6, கறுப்பரில் 11.7. ஏறக்குறைய மூன்று மடங்கு! அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

இது அவர்கள் ஊர்ச் சங்கதி என்று நாம் தள்ளிவிட முடியாது. கரும்புக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் வெயில் குடித்த விரல்களைத்தானே நாம் நீட்டினோம்? குளிர்ந்து போன விரல், நகச்சாயம் பூசிய விரல், நடுங்குகிற விரல் இவையும் கருவியை ஏமாற்றும். ஆகவே எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக, படி ஏற மூச்சு வாங்குகிறவனை வீட்டுக்குப் போ என்று சொல்லக் கூடாது. கண் தோற்றதால் வெளிச்சத்தைக் கொண்டுவந்தோம். இப்போது வெளிச்சத்தைச் சரிபார்க்கக் கண்ணும் வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் எவ்வளவு காட்டிற்று என்பதைவிட, நேற்றைக்கு இன்று இறங்கியிருக்கிறதா என்பதைப் பார்ப்பது நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்கு நேற்றும் பார்த்த ஒருவர் வேண்டும்.

நாடி பார்த்த வைத்தியர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் கணக்கில் எத்தனையோ குறை இருக்கலாம். ஆனால் நாடி பார்க்க நோயாளியின் கையைப் பிடித்தாக வேண்டும். கையைப் பிடித்தவர் அருகிலேயே இருப்பார். வெளிச்சம் நாடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டபின், பார்க்கிறவர் விலகிப் போக முடிந்தது. முதலில் கம்பியின் நீளத்துக்கு. பிறகு வார்டுக்கு வெளியே. பிறகு கடலுக்கு அப்பால். இந்த விலகலால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது, நர்ஸுகளின் உயிர் உட்பட. அதை வேண்டாமென்று சொல்கிறவன் மூடன்.

ஆனால் ஓர் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட கருவி நூறு வாங்குகிறார்கள் என்றால், நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே. இரவு இரண்டு மணிக்கு மணி ஒலித்தால் எழுந்து போக எத்தனை பேரை நியமித்திருக்கிறீர்கள்? வீட்டுக்கு வாங்குகிறவர்களிடமும் கேட்கலாம். எண் இறங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று பெட்டியின் மேல் எழுதி வைத்திருக்கிறீர்களா? அந்த ஆள் உங்கள் தெருவில் இருக்கிறாரா?

எங்கள் தெருவில் வந்த அந்த நர்ஸ் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். இருபது வீட்டிலும் இன்று தனித்தனியே கிளிப் இருக்கிறது; மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. பாட்டரியைக் கழற்றி வைத்தவர்கள் சிலர். அப்படியே விட்டுவிட்டவர்கள் பலர். அவளுடைய டெலிபோன் எண் மட்டும் இன்னும் எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் எழுதியிருக்கிறது.